பேட்டில்ஃபீல்டு 2042: ட்ரெய்லரில் இருந்தது, ஆட்டத்தில் இல்லாதது

2021 ஜூன் 9 அன்று இஏ என்ற வீடியோ கேம் நிறுவனம், பலர் இணையத்தில் சேர்ந்து சுட்டு ஆடும் போர் ஆட்டமான பேட்டில்ஃபீல்டு 2042-இன் முதல் ட்ரெய்லரை வெளியிட்டது. அதில் சில நொடிகளே வந்து போகும் ஒரு காட்சி. ஒரு போர் விமானத்தை இன்னொன்று துரத்துகிறது. முன்னால் பறப்பவர் விமானத்தின் மூக்கை மேலே தூக்கி, அதிலிருந்து வெளியே குதிக்கிறார். அந்தரத்திலேயே திரும்பி, ராக்கெட் லாஞ்சரால் எதிரி விமானத்தைச் சிதறடிக்கிறார். அப்புறம் தன் விமானத்திலேயே மறுபடி ஏறி உட்கார்ந்து பறந்து போய்விடுகிறார்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இது வழக்கமான சினிமாக் கூத்து. தொடரின் பழைய ஆட்களுக்கு அப்படி இல்லை. 2011-இல் வந்த பேட்டில்ஃபீல்டு 3-இல் ஒரு ஆட்டக்காரர் இதை உண்மையாகவே செய்து காட்டினார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. அதைத்தான் ட்ரெய்லரில் வைத்திருந்தார்கள். "நீங்கள் செய்த சேட்டையெல்லாம் எங்களுக்குத் தெரியும், உங்களுக்காகத்தான் இந்த ஆட்டம்" என்று கம்பெனியே வந்து தோளில் கை போட்டதுபோல் இருந்தது. பத்து வருடம் விளையாடியவர்கள் அன்று இரவே ப்ரீ-ஆர்டர் போட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 19 அன்று ஆட்டம் முழுதாக வெளியானது. சில நாட்களிலேயே, கணினி ஆட்டங்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் மிக மோசமான ரிவ்யூ வாங்கிய ஆட்டங்களின் வரிசையில் இடம் பிடித்தது. முதல் வாரத்தில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். 2022 ஏப்ரலில் அதே ஸ்டீமில் அந்த எண்ணிக்கை சில நேரங்களில் 1000-க்கும் கீழே இறங்கியது. (கன்சோலிலும் இஏ-வின் சொந்தக் கடையிலும் விளையாடியவர்கள் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஆனாலும் சரிவின் வேகத்தைப் பார்க்க இது போதும்.)

இதைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் பக்குகளில், அதாவது நிரல் கோளாறுகளில்தான் ஆரம்பிப்பார்கள். பக் நிறைய இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆட்டம் கவிழ்ந்ததற்குப் பக் முதல் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு இதே தொடரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது.

பக்கோடு வந்தும் பிழைத்த ஆட்டம்

2013 அக்டோபர் கடைசியில் வந்த பேட்டில்ஃபீல்டு 4-இன் தொடக்கம் படுமோசம். சர்வர் அறுந்து விழும், ஆட்டம் பாதியில் நின்றுவிடும். சுவருக்குப் பின்னால் ஓடி ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாவோம். நிலைமை எந்த அளவுக்குப் போனது என்றால், இதைச் சரிசெய்யும் வரை, தொடரை உருவாக்கும் டைஸ் ஸ்டுடியோ தன் மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கிறது என்று அந்த டிசம்பரிலேயே இஏ அறிவிக்க வேண்டியிருந்தது. பங்குதாரர்கள் வழக்குக்கும் போனார்கள்.

ஆனால் அந்த ஆட்டம் பிழைத்தது. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த டைஸ் கிளை ஆட்டக்காரர்களையே சோதனைக்கு அழைத்து, ஒன்றரை வருடத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. இன்றைக்கும் பழைய ஆட்களிடம் கேட்டால் பாதிப் பேர் "நாலுதான் பெஸ்ட்" என்பார்கள். அடியில் இருந்த ஆட்டம் நன்றாக இருந்தது, மேலே படிந்த அழுக்கைத் துடைத்தால் போதும் என்ற நிலைமை. 2042-இல் துடைக்கத் துடைக்க, அடியில் இருந்ததே வேறு என்று தெரிய வந்தது.

ஹைப் எங்கிருந்து வந்தது

ட்ரெய்லர் மட்டும் காரணம் இல்லை. காலமும் சாதகமாக இருந்தது. இதற்கு முந்தைய பேட்டில்ஃபீல்டு 5 (2018) இரண்டாம் உலகப்போர்க் களத்தில் நடந்தது. அந்த ஆண்டு இறுதிவரை 73 லட்சம் பிரதிகள் விற்றது. அது எதிர்பார்த்ததைவிடப் பத்து லட்சம் குறைவு என்று இஏ-வே சொன்னது. 2020 ஜூனோடு அதற்குப் பெரிய அப்டேட் வருவதும் நின்றது. எனவே நவீன போர், ஹெலிகாப்டர், ஜெட் எல்லாம் திரும்பி வரப்போகிறது என்றதும் மூன்றாம், நான்காம் பாகக் காலத்து ஆட்கள் கூட்டமாகத் திரும்பினார்கள்.

அடுத்து எண்கள். பிசியிலும் புதுத் தலைமுறைக் கன்சோல்களிலும் ஒரே மேப்பில், அதாவது ஒரே ஆட்டக்களத்தில், 128 பேர். தொடரில் அதுவரை இருந்த உச்சம் 64. போருக்கு நடுவில் சூறாவளி வரும், மணல் புயல் வரும். தொடரின் மிகப் பெரிய மேப் என்று சொன்ன, அண்டார்டிகாவில் நடக்கும் 'பிரேக்அவே' சுமார் 5.9 சதுர கிலோமீட்டர். ஜூலையில் 'போர்ட்டல்' என்ற இன்னொரு பகுதியைக் காட்டினார்கள். பேட்டில்ஃபீல்டு 1942, பேட் கம்பெனி 2, பேட்டில்ஃபீல்டு 3 ஆகியவற்றின் பழைய மேப்களும் துப்பாக்கிகளும் அதில் இருக்கும், நமக்குப் பிடித்த விதிகளை நாமே வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்டில் ஒரு குறும்படம் வந்தது. நான்காம் பாகத்தின் 'ஐரிஷ்' என்ற கதாபாத்திரத்துக்கு நடிகர் மைக்கேல் கே. வில்லியம்ஸே மறுபடி நடித்துக் குரல் கொடுத்திருந்தார். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். அந்தப் படத்தைப் பிறகு பார்த்தவர்களுக்கு ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு கனம் அதில் சேர்ந்துகொண்டது.

கதைக்களமும் சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை. பருவநிலை மாற்றத்தால் நாடுகள் குலைந்து, கோடிக்கணக்கானவர்கள் நாடற்றவர்களாகிவிட்ட 2042. அமெரிக்காவும் ரஷ்யாவும் மிச்சமிருப்பதற்காக மோதிக்கொள்கின்றன. களங்கள் கத்தாரின் தோஹா, தென்கொரியாவின் சாங்டோ, சிங்கப்பூர்த் துறைமுகம், எகிப்து, பிரெஞ்சு கயானாவின் ராக்கெட் ஏவுதளம் என்று உலகம் சுற்றுகின்றன. ஒரு மேப் நம் நாட்டிலும் இருக்கிறது: குஜராத்தின் அலாங், கப்பல் உடைக்கும் கடற்கரை. சேற்றில் குத்தி நிற்கும் பிரம்மாண்டமான கப்பல் கூடுகளுக்கு நடுவே சண்டை. நவீன் ராவ் என்று ஒரு இந்திய ஹேக்கர் கதாபாத்திரமும் உண்டு. படத்தில் பார்க்க அலாங் மேப் அவ்வளவு அழகு. ஆடிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும், அதற்கு வருகிறேன்.

பீட்டா சொன்ன சேதி

வெளியீட்டுத் தேதி முதலில் அக்டோபர் 22. செப்டம்பர் நடுவில் அதை நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். பெருந்தொற்றால் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்வதில் வந்த சிக்கல்கள் என்று டைஸ் காரணம் சொன்னது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் முதலீட்டாளர்களிடம் திட்டமிட்டதற்கு முன்னதாகவே வேலை போகிறது என்று பேசியிருந்தார்கள். அப்புறம் நீட் ஃபார் ஸ்பீடு செய்துகொண்டிருந்த கிரைட்டீரியன் ஸ்டுடியோவையும் அதை நிறுத்திவிட்டு இங்கே இழுத்தார்கள். வேலை முன்னதாகவே போனால் அடுத்த வீட்டு ஆட்களை ஏன் கூப்பிட வேண்டும் என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அக்டோபர் தொடக்கத்தில் நடந்த திறந்த பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முன் எல்லாரையும் ஆடிப் பார்க்க விடும் சோதனையில்தான் முதல் முணுமுணுப்பு எழுந்தது. ஒரே ஒரு மேப், ஆர்பிட்டல். ராக்கெட் ஏவுவது கண்ணுக்கு விருந்து. ஆனால் அசைவுகள் மொழுக்கென்று இருந்தன, மேப் வெறிச்சோடிக் கிடந்தது, கூட இருப்பவன் நம் ஆளா எதிரியா என்றே தெரியவில்லை. "இது சில மாதங்களுக்கு முந்தைய பதிப்பு, இப்போது நிறையச் சரியாகிவிட்டது" என்று பதில் வந்தது. பீட்டா என்றாலே இந்த வசனம் வரும். நம்ப ஆசைப்பட்டவர்கள் நம்பினார்கள்.

கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு ஒரு வாரம் முன்னால், நவம்பர் 12 அன்றே கதவு திறந்தது. கன்சோலில் கோல்டு பதிப்பு 100 டாலர், அல்டிமேட் 120 டாலர். அதிக விலை கொடுத்த மிகப் பெரிய ரசிகர்கள்தான் முதலில் உள்ளே போய் முதலில் அடிபட்டவர்கள். சாதாரணப் பதிப்பு வாங்கியவர் நவம்பர் 19 அன்று நுழைந்தபோது எச்சரிக்கைப் பலகைகள் ஏற்கனவே நட்டாகிவிட்டன. இதற்கு நடுவில், நவம்பர் 15 அன்று, மைக்ரோசாஃப்ட் தன் போட்டி ஆட்டமான ஹேலோ இன்ஃபினிட்டின் மல்டிபிளேயரை முன்னறிவிப்பில்லாமல் இலவசமாகத் திறந்துவிட்டது. அதுவும் பீட்டாதான், ஆனால் முழு ஆட்டம் போல ஓடியது. ஒப்பிட ஒரு அளவுகோல் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது.

முதல் வாரத்துப் பக்குகளில் சிலவற்றைச் சொல்லாமல் நகர முடியாது. மிதவை வாகனமான ஹோவர்கிராஃப்ட் கண்ணாடிக் கட்டடங்களின் சுவரில் நேராக மேலே ஏறியது. ராணுவத்தில் இருக்கும் எதுவும் அதற்குமுன் நிற்கவில்லை, டாங்கைவிட அதுதான் கெட்டி. குறிபார்த்து நின்று சுட்டாலும் குண்டுகள் குறியைச் சுற்றிச் சிதறின. விழுந்த தோழனை எழுப்பப் போனால், அவன் உடல் சுவரை ஒட்டிக் கிடக்கிறது என்பதற்காக எழுப்ப முடியாமல் போனது. நவம்பர் 25 அப்டேட்டில் ஹோவர்கிராஃப்டும் குண்டுச் சிதறலும் ஓரளவு அடங்கின. டிசம்பர் 2 அன்று இன்னொரு பெரிய அப்டேட், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திருத்தங்கள். அதாவது பக் விஷயத்தில் டைஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டே வாரத்தில் ஆட்டம் பார்க்கும்படி ஆகியிருந்தது. ஆனால் கூட்டம் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

128 என்ற எண்

64 பேர் 128 ஆனால் சண்டை இரண்டு மடங்கு சூடாகும் என்பது கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 128 பேரை அடைக்க மேப்பைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மேப் பெரிதானதும், அணிகள் பிடிக்க வேண்டிய கொடிகளுக்கு இடையிலான தூரம் கூடியது. அந்தத் தூரத்தை விவரமான கட்டடங்களாலும் மேடு பள்ளத்தாலும் நிரப்ப நேரம் வேண்டும், கணினிக்குச் சக்தியும் வேண்டும். ஏற்கனவே 128 பேரின் கணக்கைச் சுமந்துகொண்டு புராசஸர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆகவே நடுவே இருந்தது வெறும் நிலம்.

தோஹாவில் நடக்கும் 'அவர்கிளாஸ்' மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொடியைப் பிடித்தாயிற்று. அடுத்த கொடி மணலுக்கு அந்தப் பக்கம். வண்டி கிடைக்கவில்லை. ஓடுகிறீர்கள். மறைய ஒரு பாறை இல்லை, ஒரு குட்டிச்சுவர் இல்லை. ஒரு நிமிடம் ஓடியபிறகு, எங்கோ ஒரு கோபுரத்தின் மொட்டைமாடியிலிருந்து ஸ்னைப்பர் ஒருவர் சுடுகிறார். செத்தாயிற்று. மறுபடி பின்னாலிருந்து பிறக்கிறீர்கள், மறுபடி ஓடுகிறீர்கள். சுட்டதைவிட ஓடியதுதான் அதிகம் என்று ஆட்டக்காரர்கள் ஒரு புது வகைப் பெயர் வைத்தார்கள்: நடை சிமுலேட்டர்.

அலாங்கிலும் இதே கதை. தூரத்தில் நிற்கும் கப்பல் கூடு அழகுதான். அதற்கும் உங்களுக்கும் நடுவே உள்ள கடற்கரை ஒரு கொலைக்களம். உண்மையான அலாங்கில் உடைத்த இரும்பும் கயிறும் சங்கிலியும் குவிந்து கிடக்கும், நூறு பேர் ஒளிந்துகொள்ளலாம். ஆட்டத்தின் அலாங் யாரோ பெருக்கிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

2022 தொடக்கத்தில் டைஸே மேப்கள் பற்றி ஒரு நீண்ட விளக்கம் வெளியிட்டது. ஆட்டக்காரர்களின் குறைகளை அவர்கள் ஐந்து தலைப்பில் பிரித்தார்கள்: போக வேண்டிய தூரம், சண்டையின் நெரிசல், தொலைதூரப் பார்வைக்கோடு, பாதைகள், மறைவிடம். இந்த ஐந்தையும் வரிசையாகப் படித்தால் ஐந்தும் ஒரே இடத்திலிருந்து கிளம்புவது தெரியும். அந்த ஆண்டு மே மாத அப்டேட்டில் 'பிரேக்த்ரூ' வகை ஆட்டத்தை 128-இலிருந்து 64-க்குக் குறைத்தார்கள். விளம்பரத்தின் முதல் வரியாக இருந்த எண், ஆறே மாதத்தில் அங்கே பாதியானது.

இன்னொன்று. பழைய பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் 64 பேர்தான், மேப்களும் சுருக்கப்பட்டவை. படத்தரம் குறைவான அந்தப் பதிப்பில் சண்டை ஒழுங்காக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். இதைவிடப் பெரிய அவமானம் ஒரு புதுத் தலைமுறை ஆட்டத்துக்கு வேண்டாம்.

எல்லாரும் எல்லாம் ஆனபோது

பேட்டில்ஃபீல்டு தொடரின் உயிர் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் டாங்கியிலும் ஜெட்டிலும் இல்லை என்பேன். நான்கு வகை வீரர்களில்தான் இருக்கிறது. அசால்ட், இன்ஜினியர், சப்போர்ட், ரீகான். பெயரும் வேலையும் பாகத்துக்குப் பாகம் கொஞ்சம் மாறும், ஆனால் சாரம் ஒன்று: ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் இருக்காது. டாங்கியை அடிக்க ராக்கெட் வேண்டுமா, இன்ஜினியர் வேண்டும். தோட்டா தீர்ந்ததா, சப்போர்ட்டைத் தேடு. முன்பின் தெரியாத ஒருவர், மைக் இல்லாமல், பாஷை தெரியாமல், உங்கள் காலடியில் மருந்துப் பெட்டியை எறிந்துவிட்டு ஓடுவார். இந்தப் பற்றாக்குறைதான் அந்நியர்களை ஒரு அணியாக்கியது.

2042 இதைத் தூக்கிவிட்டு 'ஸ்பெஷலிஸ்ட்' என்று 10 கதாபாத்திரங்களைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவருக்கும் பெயர், முகம், தனி வித்தை. ஒருவர் சிறகு உடையில் பறப்பார், ஒருவர் கொக்கிக் கயிற்றில் ஏறுவார், ஒருவர் தானியங்கித் துப்பாக்கியை நட்டுவைப்பார். மற்றபடி எந்தத் துப்பாக்கியும் எந்தக் கருவியும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சுதந்திரம் என்று இதை விற்றார்கள். விளைவு என்ன? எல்லாரும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டார்கள். ராக்கெட்டை எடுத்தவர் தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டார். ஃபால்க் என்ற மருத்துவர் தன்னைத் தானே குணப்படுத்திக்கொண்டு தனி வழியே போனார். அணியில் இருந்தும் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை.

இதோடு ஒரு கோமாளித்தனமும் சேர்ந்தது. இரண்டு பக்கமும் அதே பத்துப் பேர்தான். அமெரிக்கப் பக்கமும் ஃபால்க், ரஷ்யப் பக்கமும் ஃபால்க். மூலை திரும்பினால் எதிரில் நிற்பது உங்கள் முகமே. தலைக்குமேல் இருக்கும் சின்னப் புள்ளியின் நிறத்தைப் பார்த்துத்தான் சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். முன்பெல்லாம் தூரத்தில் உடையையும் உடல் அமைப்பையும் பார்த்தே, இவன் எதிரி, கையில் ராக்கெட் இருக்கும் என்று கண்டுகொள்ளலாம். அந்தத் தகவல் மொத்தமும் போனது. ஸ்கின் (கதாபாத்திரத்துக்கான அலங்கார உடை) விற்பதற்குப் பெயர் தெரிந்த முகங்கள் வசதி என்பதைத் தாண்டி இதற்கு ஒரு நியாயத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் வென்ற அணியில் சிறந்தவர்கள் திரையில் வந்து ஆளுக்கொரு பஞ்ச் டயலாக் விடுவார்கள். "வருத்தப்படாதே, சில நேரம் இப்படித்தான் ஆகும்" என்கிற பாணியில். உலகமே அழிந்து நாடிழந்தவர்களின் போர் என்று குறும்படத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, முடிவில் பார்ட்டிக்கு வந்தவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வசனம் மீம் ஆகிப் படாதபாடு பட்டது. பிறகு அவற்றை மாற்றினார்கள்.

ஸ்கோர்போர்டு எங்கே?

சின்ன விஷயங்கள் என்று தோன்றும் சிலவும் காணாமல் போயிருந்தன. வழக்கமான ஸ்கோர்போர்டு இல்லை. எத்தனை பேரைக் கொன்றோம், எத்தனை முறை செத்தோம் என்று பெயர்வாரியாகப் பார்க்கும் அந்தப் பட்டியல், இந்த வகை ஆட்டம் தோன்றிய காலத்திலிருந்து இருப்பது. ஆட்டத்துக்குள் பேச வாய்ஸ் சாட் இல்லை. எந்தச் சர்வரில் ஆடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கும் சர்வர் பட்டியல் பிரதான ஆட்டத்துக்கு இல்லை. தொடக்கத்தில் துப்பாக்கிகள் 22 மட்டும். தனியாள் கதைப் பகுதி இல்லை என்பதை முன்பே சொல்லிவிட்டார்கள், அதில் ஏமாற்று இல்லை.

எனக்கு இவற்றில் மிகவும் உறுத்துவது பலர் பெரிதாகப் பேசாத ஒன்று. ஒரு ஆட்டம் முடிந்ததும் லாபி, அதாவது சேர்ந்து ஆடிய கூட்டம், கலைந்துவிடும். முன்பு ஒரே சர்வரில் மேப் மாறிக்கொண்டே இருக்கும், அதே ஆட்கள் இரண்டு மணி நேரம் கூட இருப்பார்கள். நம்மைத் தொடர்ந்து சுட்ட ஸ்னைப்பரை அடுத்த மேப்பில் தேடிப்போய்ப் பழிவாங்கலாம். 2042-இல், தெருக் கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் வேறு வேறு தெருவுக்கு விரட்டுவது போல, ஒவ்வொரு முறையும் புதுக் கூட்டம். பகை வளர நேரமில்லை, பழக்கமும் வளர நேரமில்லை. ட்ரெய்லரில் காட்டிய அந்த விமானச் சேட்டை மாதிரிக் கதைகள் எல்லாம் ஒரே சர்வரில் ஊறிக்கிடந்த ஆட்களிடமிருந்து வந்தவை. அவற்றின் பெருமையை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டு, அவை விளைந்த நிலத்தை உழாமல் விட்டுவிட்டார்கள்.

விநோதம் என்னவென்றால் மாற்று அதே ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. போர்ட்டலில் பேட் கம்பெனி 2 விதிகளில் ஆடினால் பழைய வகைகள் உண்டு, சிறிய மேப் உண்டு, சர்வர் பட்டியலும் உண்டு. அங்கே போனவர்கள் சிரித்த முகத்தோடு திரும்பினார்கள். ஆனால் சிலர் போர்ட்டலில் கணினியே இயக்கும் பொம்மை வீரர்களை வரிசையாக நிற்க வைத்துச் சுட்டு லெவல் ஏற்ற ஆரம்பித்ததும், டைஸ் அங்கே கிடைக்கும் புள்ளிகளைக் கட்டுப்படுத்தியது. லெவல் ஏறாத இடத்தில் பொதுக்கூட்டம் தங்காது. போர்ட்டல் காலியானது.

ஸ்கோர்போர்டுக்கு வருவோம். அதைக் கொண்டுவருவோம் என்றார்கள். பிப்ரவரி என்றார்கள், மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஜனவரியில் ஆட்டக்காரர்கள் பொறுமை இழந்து கத்தியபோது, இஏ-வின் தகவல் தொடர்புப் பொறுப்பில் இருந்த ஒருவர் ட்விட்டரில், உங்கள் எதிர்பார்ப்புகள் கொடூரமானவை, இதெல்லாம் வடிவமைக்க நேரமாகும் என்ற பொருளில் எழுதினார். பிறகு அழித்துவிட்டார். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம், பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு நடந்த இணைய மனுவில் கையெழுத்துகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. அந்த மனுவுக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. ஆனால் 2042-ஐ ஸ்டீமில் ஆடிக்கொண்டிருந்தவர்களைவிட அதில் கையெழுத்துப் போட்டவர்கள் பல மடங்கு அதிகம்.

வாய்ஸ் சாட் ஏப்ரலில் வந்தது, அதுவும் சொந்த ஸ்க்வாடு என்ற சிறு குழுவுக்குள் மட்டும்.

மேலே என்ன பேசினார்கள்

டிசம்பர் தொடக்கத்திலேயே, வெளியீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து, டைஸின் தலைவர் ஆஸ்கார் கேப்ரியல்சன் விலகினார். ரெபெக்கா குட்டாஸ் அந்த இடத்துக்கு வந்தார். கால் ஆஃப் டியூட்டியை உருவாக்கியவர்களில் ஒருவரும் ரெஸ்பான் ஸ்டுடியோவின் அப்போதைய தலைவருமான வின்ஸ் சாம்பெல்லாவிடம் மொத்தத் தொடரின் பொறுப்பும் போனது.

பிப்ரவரியில் இஏ தலைவர் ஆண்ட்ரூ வில்சன் முதலீட்டாளர்களிடம், வெளியீடு எதிர்பார்ப்பை எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு வருடம் வீட்டிலிருந்தே வேலை நடந்தது, பெரும் கூட்டம் உள்ளே வந்தபிறகுதான் சில கோளாறுகள் தெரிந்தன என்றார். கூடவே, நாங்கள் எடுத்த சில வடிவமைப்பு முடிவுகள் எல்லாருக்கும் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அவர் அதை மிக மெல்லிய குரலில் சொன்னார், அவ்வளவுதான். அதே மாதம் கம்பெனியின் உள்கூட்டம் ஒன்றில் ஹேலோவின் திடீர் வெளியீட்டையும் காரணமாகச் சொன்னார்கள் என்று ஒரு செய்தி கசிந்தது. அந்தச் செய்தி பேச்சைச் சரியாகக் காட்டவில்லை என்று இஏ மறுத்தது. ஹேலோ ஒரு ஆட்டக்காரரைக் கவர்ந்திருக்கலாம். அவரை அவர்கிளாஸ் மணலில் ஓடவிட்டது ஹேலோ இல்லை.

பெருந்தொற்றுக் காரணத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். பக்குகளுக்கும் சோதனைக் குறைவுக்கும் அது நியாயமான விளக்கம். ஆனால் வகை வீரர்களை நீக்கலாம், ஸ்கோர்போர்டு வேண்டாம், லாபியைக் கலைக்கலாம் என்று தீர்மானிப்பதற்குப் பெருந்தொற்று தேவையில்லை. அவை கூட்டத்தில் உட்கார்ந்து, நிதானமாக எடுத்த முடிவுகள்.

திருத்த வேலை

ஒரு வருடத்துக்குப் புதுச் சரக்கோடு நான்கு சீசன் என்று சொல்லித்தான் கோல்டு, அல்டிமேட் பதிப்புகளை விற்றார்கள். முதல் சீசன் 2022 ஜூன் 9 அன்றுதான் வந்தது, வெளியீட்டிலிருந்து ஏழு மாதம் கழித்து. காத்திருந்தவர்களுக்கு ஆறுதலாகச் சில ஸ்கின்கள். வெளியீட்டின்போது மூன்று தூண்களில் ஒன்றாகக் காட்டிய 'ஹசார்டு ஸோன்' என்ற பகுதியின் மேம்பாட்டை அதற்குள் நிறுத்தியே விட்டார்கள். யாரும் அழவில்லை.

ஆனால் அதற்குப்பின் டைஸ் செய்த வேலையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. தொடக்க மேப்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார்கள். அலாங்கில் மறைவிடங்கள் முளைத்தன, கொடிகள் நெருங்கி வந்தன, வெறும் மணலாக இருந்த இடங்களில் இரும்புக் குப்பை வந்து சேர்ந்தது. 2023 ஜனவரி 31 அப்டேட்டில் அந்த நான்கு வகைகளும் திரும்பி வந்தன. ஸ்பெஷலிஸ்டுகளை நான்கு கூடைகளில் பிரித்துப் போட்டு, கருவிகளை அந்தந்தக் கூடைக்குப் பூட்டினார்கள். அதன்பின் ஆடிப் பார்த்தவர்கள் பலர், 2021-இல் இது இப்படி வந்திருந்தால் என்று பெருமூச்சு விட்டார்கள். 2024 மார்ச்சில் தொடங்கிய ஏழாவது சீசனோடு சீசன் முறை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்கலாம். திருத்தியவை எல்லாம் முந்தைய ஆட்டங்களில் இருந்தவை. புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்த்ததால் 2042 தேறவில்லை. எடுத்ததைத் திரும்ப வைத்ததால் தேறியது. முதல் நாளிலிருந்து கடைசிவரை இருந்த புதுமைகளில் ஒன்று சூறாவளி. சிறகு உடை போட்டவருக்கு அது ஒரு ராட்டினம், மற்றவர்களுக்கு ஒரு தொந்தரவு.

அடுத்த ஆட்டம்

2024 செப்டம்பரில் சாம்பெல்லா, அடுத்த ஆட்டம் மூன்றாம், நான்காம் பாகங்களின் காலத்துக்குத் திரும்பும் என்றார். 64 பேர், நான்கு வகைகள், நவீன போர்க்களம். எண்ணிக்கைக்காக எண்ணிக்கையைக் கூட்டுவதில் அர்த்தமில்லை என்ற பொருளிலும் பேசினார். 2025 தொடக்கத்தில், வேலை பாதியில் இருக்கும்போதே, ஆட்டக்காரர்களைச் சோதனைக்கு உள்ளே விட்டார்கள். 2014-இல் நான்காம் பாகத்தைக் காப்பாற்றிய அதே முறை, இந்த முறை வெளியீட்டுக்கு முன்னால்.

அந்த ஆகஸ்டில் நடந்த பேட்டில்ஃபீல்டு 6-இன் திறந்த பீட்டாவுக்கு ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அக்டோபர் 10 அன்று ஆட்டம் வெளியானது. முதல் மூன்று நாளில் 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக இஏ சொன்னது. ஆனால் பீட்டாவிலேயே பழைய சண்டை ஒன்று கிளம்பிவிட்டது: துப்பாக்கிகளை வகைக்கு வகை பூட்ட வேண்டுமா, யார் வேண்டுமானாலும் எதையும் எடுக்கலாமா? டைஸ் இரண்டுக்கும் தனித்தனி வரிசை வைத்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வரிசைக்கே கூட்டம் அதிகம் போனது. 2042-இல் எதைக் கேட்டுக் கத்தினார்களோ அதைப் பாதி மறந்துவிட்டார்களா, அல்லது கருவிகள் பூட்டியிருந்தால் துப்பாக்கி திறந்திருப்பது பரவாயில்லையா என்று பழைய ஆட்கள் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.